இயந்திரம் ஓடுகிறது, ஈஆர்பியில் எண்ணிக்கை ஏறவில்லை: அறிகுறியை வைத்துப் பிழை தேடும் வழிமுறை

ஓர் இயந்திரத்தின் பிஎல்சியில் (இயந்திரத்தை இயக்கும் கட்டுப்பாட்டுக் கணினி) ஏறும் எண்ணிக்கை ஈஆர்பி (நிறுவனத்தின் உற்பத்தி, இருப்பு, கணக்கை நடத்தும் மென்பொருள்) வரை போய்ச் சேரப் பல கை மாற வேண்டும். பிஎல்சி, பேனலுக்குள் இருக்கும் சுவிட்ச், பிளாண்டின் மைய சுவிட்ச், ஃபயர்வால், டிஎம்இசட்டில் (பிளாண்ட் நெட்வொர்க்குக்கும் அலுவலக நெட்வொர்க்குக்கும் நடுவில் ஃபயர்வால் காக்கும் பகுதி) நிற்கும் டேட்டா சர்வர், மறுபடி ஃபயர்வால், கடைசியில் ஈஆர்பியின் இன்டர்ஃபேஸ். கீழ்ப்பாதி எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பொறுப்பு, மேல்பாதி ஐடி பொறுப்பு. "எங்கள் பக்கம் எல்லாம் சரி" என்று இரண்டு தரப்பும் சொல்லும்போது, பெரும்பாலும் இருவரும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். பிழை இருப்பது இரண்டுக்கும் நடுவில்: யாரும் நிரப்பாத கேட்வே (வெளி நெட்வொர்க்குக்குப் போகும் வாசல்) முகவரியில், யாரும் கேட்காத டைம்அவுட்டில், யாரும் அமைக்காத கடிகாரத்தில்.

அதனால் எதையும் ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் ஒரே கேள்விக்கு விடை வேண்டும்: எண் எந்த இடம் வரை சரியாக வருகிறது? ஒரே ஒரு டேக்கை (பிஎல்சியில் பெயரிட்டு வைத்த மதிப்பு) தேர்ந்தெடுங்கள், உதாரணமாக ஒரு இயந்திரத்தின் நல்ல பாகங்களின் எண்ணிக்கை. அதே நிமிடத்தில் ஆபரேட்டர் பார்க்கும் எச்எம்ஐ திரை, டேட்டா சர்வர், இன்டர்ஃபேஸ் டேபிள், ஈஆர்பி நான்கிலும் மதிப்பையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த எந்த இரண்டு இடங்களில் எண் மாறுகிறதோ, தேட வேண்டியது அங்கேதான். சுவிட்சை அணைத்துப் போட்டால் போர்ட் கவுன்ட்டர்களும் மேக் டேபிளும் (எந்தக் கருவி எந்த போர்ட்டில் என்ற பட்டியல்) அழிந்துவிடும். சாட்சியே அதுதான். முதலில் படம் எடுத்துக்கொண்டு பிறகு கை வையுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. வயர்ஷார்க் (நெட்வொர்க்கில் போகும் பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் மென்பொருள்) போட்ட லேப்டாப், போர்ட் மிரரிங் (ஒரு போர்ட்டில் போவதை இன்னொரு போர்ட்டிலும் நகலாகக் காட்டுவது) செய்யக்கூடிய ஒரு சுவிட்ச், கேபிள் டெஸ்டர், ஒரு மோட்பஸ் சோதனை மென்பொருள், யூஏ எக்ஸ்பர்ட் போன்ற இலவச ஓபிசி யூஏ கிளையன்ட். மோட்பஸ், ஓபிசி யூஏ இரண்டும் இயந்திரத் தகவலைப் படிக்கும் நெறிமுறைகள்.

அறிகுறி: பேனலில் லேப்டாப்பைச் செருகினால் பிங் போகிறது, சர்வரிலிருந்து போகவில்லை

முதல் சந்தேகம் பிஎல்சியின் கேட்வே. இயந்திரம் செய்து கொடுத்தவருக்குத் தன் பேனலுக்குள் பேசினால் போதும். ஐபி, மாஸ்க் இரண்டை மட்டும் கொடுத்துவிட்டு கேட்வேயை 0.0.0.0 என்றே விட்டிருப்பார். சர்வரின் கேள்வி பிஎல்சிக்கு வந்து சேரும், பதில் வெளியே போக வழி தெரியாது. பேனல் சுவிட்சில் பிஎல்சி போர்ட்டை மிரர் செய்து வயர்ஷார்க்கில் பார்த்தால் கேள்வி மட்டும் வரிசையாக வந்துகொண்டிருக்கும், பதில் ஒன்றும் இருக்காது.

அங்கே பதிலுக்குப் பதிலாக, சர்வரின் ஐபி யாருடையது என்று பிஎல்சி ஏஆர்பியில் கேட்டுக்கொண்டே இருந்தால் தவறு மாஸ்க்கில். 255.255.255.0 இருக்க வேண்டிய இடத்தில் 255.255.0.0 இருந்தால், சர்வரும் தன் தெருவில்தான் இருக்கிறது என்று பிஎல்சி நினைத்துக்கொள்ளும். கேட்வே சரியாக இருந்தாலும் அதைத் தொடாது.

கேட்வேயில் கொடுக்க வேண்டியது அந்த வீலேனுக்கு (சுவிட்சில் பிரித்து வைத்த தனி நெட்வொர்க்) மைய சுவிட்சில் இருக்கும் முகவரி. ஒரு எச்சரிக்கை: சீமென்ஸ் எஸ்7-1200, 1500 வகைகளில் ஹார்ட்வேர் கான்ஃபிகரேஷனை மாற்றி டவுன்லோடு செய்தால் சிபியூ ஸ்டாப்புக்குப் போகும். ஓடும் லைனில் செய்யாதீர்கள். ஷிப்ட் மாறும் இடைவெளியில், உற்பத்தி சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

ஒரே நிறுவனத்திடம் வாங்கிய நாலு இயந்திரங்களும் 192.168.0.1 என்ற முகவரியோடே வந்திருந்தால் ஒவ்வொன்றிலும் ஐபியை மாற்றக் கிளம்ப வேண்டாம். பிஎல்சியை மாற்றினால் எச்எம்ஐ, டிரைவ், ரிமோட் ஐஓ எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும்; வாரண்டி பேச்சும் வரும். பேனலுக்கு ஒரு நாட் (முகவரியை மாற்றித் தரும்) ரவுட்டர் வைத்து, பிஎல்சியை மட்டும் ஒன்றுக்கு ஒன்றாக மேப் செய்யுங்கள்: முதல் இயந்திரத்தின் 192.168.0.1 வெளியே 10.20.31.11, இரண்டாவதன் 192.168.0.1 வெளியே 10.20.31.12. புரோஃபிநெட் ஐஓ (பிஎல்சியும் ரிமோட் ஐஓவும் பேசிக்கொள்ளும் நெறிமுறை) ரவுட்டரைத் தாண்டாது, தாண்டவும் கூடாது. அது இயந்திரத்துக்குள்ளேயே இருக்கட்டும், எண்கள் மட்டும் வெளியே வரட்டும்.

பிங் நாலு போய் நாலு விழுந்தால் இரட்டை ஐபியைச் சந்தேகியுங்கள். மைய சுவிட்சின் ஏஆர்பி டேபிளில் அந்த ஐபிக்கு எதிரே இருக்கும் மேக் முகவரி மாறி மாறி வந்தால் அதுவே உறுதி. மேக் டேபிளில் அந்த இரண்டாவது மேக் எந்த போர்ட்டில் தெரிகிறதோ அந்தக் கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் ஆள் கிடைத்துவிடும். பெரும்பாலும் புதிதாக வந்த பிரின்டரோ சர்வீஸ் இன்ஜினியரின் லேப்டாப்போதான்.

அறிகுறி: பிங் போகிறது, டேட்டா வரவில்லை

பிங் போவதால் கேபிளும் ரூட்டும் நன்றாக இருக்கின்றன என்று மட்டும் தெரிகிறது. போர்ட் திறந்திருக்கிறதா என்பது வேறு கேள்வி. டேட்டா சர்வரில் பவர்ஷெல் திறந்து டெஸ்ட்-நெட்கனெக்‌ஷன் கட்டளையில் போர்ட் எண்ணோடு சோதியுங்கள். மோட்பஸ் டிசிபிக்கு 502, சீமென்ஸ் எஸ்7க்கு 102, ஈதர்நெட்/ஐபிக்கு 44818, ஓபிசி யூஏவுக்குப் பொதுவாக 4840, டிஎல்எஸ் போட்ட எம்க்யூடிடிக்கு 8883, எஸ்க்யூஎல் சர்வருக்கு 1433.

தோல்வி எப்படி வருகிறது என்று கவனியுங்கள். வயர்ஷார்க்கில் எதிர்முனையிலிருந்து உடனே ரீசெட் வந்தால் பாக்கெட் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது, அந்தச் சேவைதான் ஓடவில்லை என்று பொருள், கீழ்ப்பாதியில் தேடுங்கள். பதிலே இல்லாமல் பல நொடி காத்திருந்து தோற்றால் வழியில் ஃபயர்வால் விழுங்குகிறது என்பதே முதல் சந்தேகம். விண்டோஸின் சொந்த ஃபயர்வாலை மறந்துவிடாதீர்கள். நெட்வொர்க் புரொஃபைல் பப்ளிக் என்று மாறியதும் நேற்று வரை வேலை செய்தது இன்று நிற்கும்.

போர்ட் 102 திறந்திருந்தும் எஸ்7-1200, 1500இல் படிக்க முடியவில்லையா? சிபியூவின் பாதுகாப்பு அமைப்பில் புட்/கெட் (வெளியிலிருந்து படிக்கவும் எழுதவும் விடுவது) அனுமதி இருக்கிறதா, படிக்கும் டேட்டா பிளாக்கில் ஆப்டிமைஸ்டு அக்சஸ் (முகவரியால் அல்லாமல் பெயரால் மட்டும் அணுக விடும் அமைப்பு) நீக்கப்பட்டிருக்கிறதா என இரண்டையும் பாருங்கள். இரண்டில் ஒன்று குறைந்தாலும் இணைப்பு கிடைக்கும், மதிப்பு கிடைக்காது. புட்/கெட்டை அனுமதித்தால் எழுதும் வழியும் திறந்துவிடுகிறது என்பதால், சிபியூ ஓபிசி யூஏ தரக்கூடியதாக இருந்தால் அந்த வழியில் போவதே மேல்.

பழைய ஓபிசி, அதாவது விண்டோஸின் டிகாம் (கணினிகளுக்கிடையே மென்பொருள்கள் பேசிக்கொள்ளும் முறை) மேல் ஓடுவது, விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு நின்றிருந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றே. மைக்ரோசாஃப்ட் டிகாமின் அங்கீகாரத்தைப் படிப்படியாக இறுக்கி, 2023 மார்ச் அப்டேட்டோடு அதை அணைக்கும் வழியையும் எடுத்துவிட்டது. சர்வரின் சிஸ்டம் லாகில் 10036 என்ற ஈவென்ட் இருந்தால் இதுதான். அப்டேட்டை நீக்கி ஓட்டுவது தீர்வல்ல. டிகாம் 135இல் தொடங்கி, பிறகு 49152 முதல் 65535 வரை எந்த போர்ட்டையும் கேட்கும், நாட் ரவுட்டரையும் தாண்டாது. பழைய ஓபிசி சர்வர் இருக்கும் அதே கணினியில் ஓர் ஓபிசி யூஏ கேட்வே மென்பொருளை (பழைய ஓபிசியை யூஏவாக மாற்றித் தருவது) நிறுவுங்கள். டிகாம் அந்தப் பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடும். ஃபயர்வாலில் ஒரு போர்ட் போதும்.

ஓபிசி யூஏவில் வேறொரு சிக்கல் வரும். எண்ட்பாயிண்ட் (இணையக்கூடிய முகவரிகள்) பட்டியல் அழகாக வரும், "கனெக்ட்" அழுத்தினால் தோற்கும். காரணம், நீங்கள் ஐபி கொடுத்து அழைத்தாலும் சர்வர் திருப்பித் தரும் பட்டியலில் தன் கணினிப் பெயரைத்தான் எழுதியிருக்கும். டிஎம்இசட்டில் இருக்கும் கிளையன்ட்டுக்கு அந்தப் பெயர் தெரியாது. டிஎன்எஸ்ஸில் பெயரைச் சேருங்கள், அல்லது அந்த ஒரு வரியை ஹோஸ்ட்ஸ் ஃபைலில் எழுதுங்கள். அடுத்தது சான்றிதழ்: முதல் முயற்சியில் எதிர்முனையின் சான்றிதழ் நிராகரித்தவற்றின் ஃபோல்டரில் போய் விழுந்திருக்கும். அதை நம்பிக்கைக்குரியவற்றின் ஃபோல்டருக்கு மாற்ற வேண்டும், இரண்டு முனையிலும். மாற்றியும் நேரம் செல்லாது என்ற பிழை வந்தால் பிஎல்சியின் கடிகாரத்தைப் பாருங்கள். பேட்டரி இறந்து பல வருடம் பின்னால் போயிருந்தால், இன்று செல்லும் சான்றிதழ் அதன் கணக்கில் இன்னும் பிறக்கவில்லை.

அறிகுறி: வருகிறது, அறுகிறது, மறுபடி வருகிறது

இதில்தான் பொறுமை தேவை. அறுகிற நேரங்களை ஒரு நாள் முழுக்க எழுதுங்கள். பாதிக் கண்டுபிடிப்பு அந்தத் தாளிலேயே இருக்கிறது.

ஓய்வுக்குப் பிறகு அறுகிறதா? ஞாயிறு லைன் நின்று திங்கள் காலை முதல் பதிவு மட்டும் தோற்றுப் போவது இதன் அடையாளம். ஒரு மணி நேரம் பேச்சில்லாத டிசிபி இணைப்பை மறந்துவிடும்படி பல ஃபயர்வால்கள் அமைந்திருக்கும். விண்டோஸின் இயல்பான கீப்அலைவ் (இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று அனுப்பும் சிறு சோதனை) இடைவெளி 2 மணி நேரம். அதுவும் மென்பொருள் கேட்டால்தான் வேலை செய்யும். ஆக, ஃபயர்வால் மறந்த இணைப்பை இரண்டு முனையும் உயிரோடிருப்பதாக நம்பிக்கொண்டிருக்கும். டேட்டா சர்வரின் மென்பொருளில் கீப்அலைவை 5 நிமிடம் போல வையுங்கள். இல்லையென்றால் நிமிடத்துக்கு ஒருமுறை மாறும் ஹார்ட்பீட் டேக் ஒன்றைப் படிக்க வையுங்கள். ஹார்ட்பீட்டே நல்ல வழி என்பது எங்கள் கருத்து. இணைப்பையும் காக்கும், அறுந்தால் அலாரமும் தரும்.

இணைத்ததும் சரியாக ஓடி, நாலரை நிமிடத்துக்குள் நிற்கிறதா? மல்டிகாஸ்டை (ஒரே தகவலைக் கேட்கும் பலருக்கும் சேர்த்து அனுப்புவது) பாருங்கள். சுவிட்சில் ஐஜிஎம்பி ஸ்னூப்பிங் (கேட்டவர்களின் போர்ட்டுக்கு மட்டும் மல்டிகாஸ்டை அனுப்புவது) இயங்குகிறது, ஆனால் யாருக்கு வேண்டும் என்று அவ்வப்போது விசாரிக்கும் குவெரியர் அந்த வீலேனில் இல்லை. யாரும் விசாரிக்காததால் உறுப்பினர் பட்டியல் காலாவதியாகிறது. இயல்பான கணக்கு 125 நொடி இடைவெளி இரண்டு தடவை, மேலே 10 நொடி, ஆக 260 நொடி. ஒவ்வொரு வீலேனிலும் மைய சுவிட்சில் குவெரியரை இயக்குங்கள். ஸ்னூப்பிங்கை அணைத்தாலும் அறுவது நிற்கும். ஆனால் மல்டிகாஸ்ட் எல்லா போர்ட்டிலும் கொட்டி, பலவீனமான கருவிகள் திணறத் தொடங்கும்.

ஒரு மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் அறுகிறதா? போர்ட்டின் சிஆர்சி கவுன்ட்டரை (பழுதாகி வந்த பாக்கெட்டுகளின் எண்ணிக்கை) மோட்டார் ஓடும் முன்பும் பின்பும் பாருங்கள். ஏறினால் கேபிள். டிரைவிலிருந்து மோட்டாருக்குப் போகும் பவர் கேபிளும் நெட்வொர்க் கேபிளும் ஒரே டிரேயில் ஓடுகின்றனவா என்று மூடியைத் திறந்து பாருங்கள். ஷீல்டு உள்ள கேபிளைத் தனி டிரேயில் போடுங்கள். பவர் கேபிளைக் கடந்தே ஆக வேண்டுமென்றால் நேர்க்குறுக்கே கடக்கட்டும். தாமிரக் கேபிளின் எல்லை பேட்ச் கார்டையும் சேர்த்து 100 மீட்டர். ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்கு ஃபைபர் மட்டுமே. இரண்டு கட்டடங்களின் எர்த் ஒரே மட்டத்தில் இருக்காது, மழைக்கால இடி மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும்.

சிஆர்சி ஏறுகிறது, மோட்டாருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றால் டூப்ளெக்ஸ் (ஒரே நேரத்தில் இரு திசையிலும் பேசினால் ஃபுல், மாறி மாறிப் பேசினால் ஹாஃப்). ஒரு முனையை 100 ஃபுல் என்று கட்டிவைத்து மறுமுனையை ஆட்டோவில் விட்டால், ஆட்டோ முனை ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு இறங்கிவிடும். பிங் போகும், நெரிசல் வந்தால் படுத்துவிடும். ஹாஃப் பக்கம் லேட் கொலிஷன் ஏறும், ஃபுல் பக்கம் சிஆர்சி ஏறும். இரண்டு முனையும் ஆட்டோ, அல்லது இரண்டு முனையும் கட்டியது.

எம்க்யூடிடி (நடுவில் புரோக்கர் என்ற சர்வர் வழியாகத் தகவல் அனுப்பும் நெறிமுறை) கிளையன்ட் சில நொடிக்கு ஒருமுறை இணைந்து விழுந்தால், அதே கிளையன்ட் ஐடியோடு இன்னொன்று எங்கோ ஓடுகிறது. புதியவர் வந்தால் பழையவரை புரோக்கர் வெளியேற்றும். இரண்டும் மாறி மாறித் தள்ளிக்கொள்ளும். கேட்வேயின் அமைப்பை அப்படியே நகலெடுத்து அடுத்த லைனில் போட்ட அன்று இது தொடங்கியிருக்கும்.

மொத்தப் பிளாண்டும் ஒரே நேரத்தில் உறைந்து, எல்லா சுவிட்ச் விளக்குகளும் வெறித்தனமாக மின்னினால் லூப். கடைசியாக யார் எந்தப் பேனலைத் திறந்தார்கள் என்று கேளுங்கள். மேனேஜ் செய்ய முடியாத சிறு சுவிட்சில் ஒரே பேட்ச் கார்டின் இரண்டு முனையும் செருகியிருப்பதைப் பார்ப்பீர்கள்.

அறிகுறி: எண் வருகிறது, ஆனால் தப்பான எண்

மோட்பஸில் 40001 என்று கையேடு சொல்லும் ரிஜிஸ்டர், கம்பியில் போகும்போது 0. சில மென்பொருள் ஒன்றைக் கழித்துக்கொள்ளும், சில கழிக்காது. பக்கத்து ரிஜிஸ்டரின் மதிப்பு வந்தால் ஒன்று கூட்டியோ குறைத்தோ பாருங்கள். இல்லாத முகவரி கேட்டால் எக்ஸெப்ஷன் (பிழைக் குறி) 02 வரும். ஒரே கேள்வியில் 125 ரிஜிஸ்டருக்கு மேல் கேட்டால் 03.

தசம எண்கள் இரண்டு ரிஜிஸ்டரில் வருகின்றன. 100.0 என்பது 17096, 0 என்று வர வேண்டும். வரிசை மாறி 0, 17096 என்று படித்தால் சேரும் மதிப்பு கிட்டத்தட்ட பூஜ்யம், திரையில் 0.00 என்றே தெரியும். அதைப் பார்த்து சென்சார் செத்துவிட்டது என்று கழற்றப் போய்விடுவார்கள். கழற்றும் முன் இரண்டு ரிஜிஸ்டரையும் முழு எண்ணாகப் படித்துப் பாருங்கள். அதேபோல 40000 என்ற மதிப்பு -25536 என்று தெரிந்தால், குறியில்லாத எண்ணைக் குறியுள்ளதாகப் படிக்கிறீர்கள்.

ஷிப்ட் நடுவில் உற்பத்தி திடீரென மைனஸில் போனால் கவுன்ட்டர் 65535ஐத் தாண்டி 0க்குத் திரும்பியிருக்கும், அல்லது மின்தடையில் அழிந்திருக்கும். இரண்டும் வேறு வேறு. முதலாவதில் 65536ஐக் கூட்ட வேண்டும், இரண்டாவதில் கூட்டக் கூடாது. எது என்று மேலிருக்கும் மென்பொருளால் ஊகிக்க முடியாது. 32 பிட் கவுன்ட்டரை ரீட்டென்டிவ் (மின்தடையிலும் அழியாத) நினைவகத்தில் வைப்பதுதான் நிலையான தீர்வு.

அறிகுறி: இரவு ஷிப்ட் உற்பத்தி முந்தைய தேதியில் ஏறுகிறது

நள்ளிரவு முதல் காலை 5:30 வரையான பதிவுகள் மட்டும் முந்தைய நாளுக்குப் போனால் வேறெங்கும் தேட வேண்டாம். ஓபிசி யூஏவின் நேரம் எப்போதும் யூடிசி (உலகப் பொது நேரம்). இந்திய நேரத்துக்கு 5:30 மணி பின்னால். மாற்றுவதை ஓரிடத்தில் மட்டும் செய்யுங்கள், ஈஆர்பிக்குள் நுழையும் வாசலில். இரண்டு இடத்தில் மாற்றினால் யூடிசியிலிருந்து 11 மணி நேரம், அதாவது இந்திய நேரத்திலிருந்து 5:30 மணி நேரம் முன்னே தள்ளிப்போகும். பிஎல்சி, சர்வர், சுவிட்ச் எல்லாமே டிஎம்இசட்டில் இருக்கும் ஒரே என்டிபி (நேரம் தரும்) சர்வரிடம், யூடிபி 123 வழியாக, நேரம் வாங்கட்டும். டொமைனில் இருக்கும் சர்வரின் கடிகாரம் 5 நிமிடத்துக்கு மேல் விலகினால் கெர்பரோஸ் உள்நுழைவே தோற்கும். பாஸ்வேர்டு தவறு என்று நினைத்து அலைய வேண்டாம்.

அறிகுறி: சின்னத் தகவல் போகிறது, பெரியது தொங்குகிறது

பிளாண்டுக்கும் தலைமை அலுவலகத்துக்கும் நடுவில் விபிஎன் இருந்தால் இதை எதிர்பாருங்கள். துண்டாக்காதே என்ற குறியோடு 1472 பைட் பிங் அனுப்புங்கள். 28 பைட் தலைப்பு சேர்ந்து 1500 ஆகும். போகவில்லையென்றால் குறைத்துக்கொண்டே வாருங்கள். போகிற அளவோடு 28ஐக் கூட்டினால் அந்த வழியின் எம்டியூ (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச அளவு). அதில் 40 கழித்து, விபிஎன் கருவியில் எம்எஸ்எஸ்ஸை (ஒரு டிசிபி பாக்கெட்டில் போகும் தகவலின் அளவு) அந்த அளவுக்குக் கட்டுங்கள்.

அறிகுறி: ஃபயர்வாலில் எல்லாவற்றையும் திறந்தால் ஓடுகிறது, மூடினால் நிற்கிறது

அப்படியே திறந்து விட்டுவிடாதீர்கள். மோட்பஸில் பாஸ்வேர்டு என்று ஒன்றே கிடையாது; 502ஐ எட்டக்கூடிய எவரும் படிக்க மட்டுமல்ல, எழுதவும் முடியும். பக்கத்தில் மனிதர்கள் நிற்கும் இயந்திரம் அது. ஒரு மணி நேரம் திறந்து, லாகை இயக்கி, எந்த முகவரியிலிருந்து எந்த முகவரிக்கு எந்த போர்ட் போனது என்று எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வரிகளை மட்டும் ரூலாக எழுதிவிட்டு மூடுங்கள். டேட்டா சர்வர் பிஎல்சியை அழைக்கலாம், ஈஆர்பி டேட்டா சர்வரோடு பேசலாம். ஈஆர்பியிலிருந்து பிஎல்சிக்கு நேரடியாக ஒரு ரூலும் இருக்கக் கூடாது.

அறிகுறி: டேட்டா சர்வரில் சரி, எஸ்ஏபியில் இல்லை அல்லது இரண்டு முறை இருக்கிறது

உங்கள் ஈஆர்பி எஸ்ஏபி என்றால் அதன் டபிள்யூஇ02 திரையில் ஐடாக்கின் (தகவல் வந்து சேரும் ஆவணம்) நிலை எண்ணைப் பாருங்கள். ஐடாக்கே இல்லையென்றால் அனுப்பும் பக்கம். அனுப்புவது இன்னொரு எஸ்ஏபி என்றால் அதன் எஸ்எம்58 திரையில் (அனுப்பப்படாமல் நிற்பவற்றின் பட்டியல்) சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள். 64இல் நிற்கிறது என்றால் வந்து சேர்ந்துவிட்டது, எடுத்துப் பதியும் பின்னணி வேலை ஓடவில்லை. 51 என்றால் எஸ்ஏபியின் மென்பொருளே பதிய மறுத்திருக்கிறது. பிழை வாசகத்தைப் படியுங்கள். ஆர்டரை யாரோ திருத்தத் திறந்து வைத்திருப்பதால் வரும் பூட்டு இதில் அடிக்கடி வரும். அவர் வெளியேறியதும் பிடி87 திரையில் (ஐடாக்கை மறுபடி ஓட்டும் இடம்) ஓட்டினால் ஏறிவிடும்.

53 என்று பச்சையாக இருக்கிறது, உற்பத்தி ஏறியிருக்கிறது, மூலப்பொருள் இருப்பு மட்டும் குறையவில்லை என்றால் சிஓஜிஐ திரையைத் திறவுங்கள். பேக்ஃபிளஷ் (உற்பத்தி எண்ணிக்கையை வைத்து மூலப்பொருளைத் தானாகக் கழிப்பது) செய்யும்போது அந்த ஸ்டோரேஜ் லொகேஷனில் இருப்பு போதாமல் போனால் உறுதிப்பதிவு மட்டும் ஏறி, பொருள் நகர்வு இங்கே வந்து குவியும். நெட்வொர்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஸ்டோர்ஸ் பதிவைச் சரிசெய்துவிட்டு இங்கிருந்தே மறுபடி பதியலாம். மாத முடிவு வரை விட்டால் எந்த நகர்வு எந்த நாளுடையது என்று பிரிப்பதே தனி வேலையாகிவிடும்.

இரட்டிப்பு வருவது பெரும்பாலும் டைம்அவுட்டால். இன்டர்ஃபேஸ் 30 நொடி காத்திருந்துவிட்டு மறுபடி அனுப்பும். ஈஆர்பியோ 35ஆவது நொடியில் முதலாவதை வெற்றிகரமாகப் பதிந்திருக்கும். எம்க்யூடிடியில் க்யூஓஎஸ் (தகவல் சேர்வதற்கான உறுதி நிலை) 1 என்றாலே குறைந்தது ஒருமுறை வரும் என்றுதான் பொருள். இரண்டு முறையும் வரலாம். டைம்அவுட்டை நீட்டினால் குறையும், தீராது. ஒவ்வொரு பதிவுக்கும் இயந்திர எண், ஆர்டர் எண், தொடர் எண் மூன்றும் சேர்ந்த ஒரு சாவியை டேட்டா சர்வரிலேயே கொடுத்துவிடுங்கள். அந்தச் சாவி ஏற்கெனவே ஏறியிருந்தால் வாசலிலேயே தள்ளிவிட்டு வெற்றி என்றே பதில் சொல்ல வேண்டும்; பிழை என்று சொன்னால் அது மறுபடி அனுப்பிக்கொண்டே இருக்கும். இந்தச் சோதனை அமையும் வரை, 51இல் இருப்பவற்றை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து பிடி87இல் ஓட்டாதீர்கள். ஆர்டரின் உறுதிப்பதிவுப் பட்டியலில் அதே எண்ணிக்கை, அதே நேரம் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, இல்லாததை மட்டும் ஓட்டுங்கள்.